வரேன்னு சொல்லிட்டுப் போனவள்

நம்ம ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டை விட்டு இறங்கும்போது யாரும் "போறேன்" என்று சொல்லமாட்டார்கள். "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு, இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கக்கூடாது என்று ஓடுகிறவன்கூட வாசலில் திரும்பி, "அப்போ வரேன் டாக்டர்" என்பான். வாய் தவறி "போறேன்" என்றால் போச்சு. படியிறங்கினவளைத் திரும்பக் கூப்பிட்டு, "வரேன்னு சொல்லுடி" என்று திருத்தி அனுப்புவார்கள். நல்ல பழக்கம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்தே ஒருத்தியைக் கட்டிப்போடப் பார்த்தார்கள்.

அவளை வீட்டில் பெரியவள் என்பார்கள். இரண்டு பெண்களில் மூத்தவள். அடுத்தவள் சின்னவள். அப்பா பஸ் ஓட்டினார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் பெரியவள் அக்காவாகவும் இருந்து அம்மாவாகவும் ஆகிப்போனாள். அப்பாவும் கண்ணை மூடியபிறகு, இவர்களுக்கென்று இருந்த பெரிய தலை அம்மாவின் அண்ணன் ஒருவர்தான். பஸ் டிப்போவில் வண்டிகளுக்குக் கிளம்பும் நேரம் சொல்கிற வேலை அவருக்கு. அந்த டிப்போ பழக்கத்தில்தான் தங்கையையே ஒரு டிரைவருக்குக் கொடுத்தார். சொன்ன நேரத்துக்கு வண்டி கிளம்பாவிட்டால் கூடப்பிறந்த தம்பி ஓட்டும் வண்டியானாலும் விடமாட்டார். சொன்னால் சொன்னதுதான். பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அந்த மாமாதான்.

மாப்பிள்ளைக்கு மருந்துக்கடையில் வேலை. தெருவே அவரை "நல்லவர்" என்று சொல்லும். படிக்கத் தெரியாத கிழவிகளுக்கு எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று தனித்தனியாகப் பொட்டலம் கட்டித் தருவார். யாராவது மூட்டை தூக்கிக்கொண்டு வந்தால் ஓடிப்போய் ஒரு கை பிடிப்பார். குரல் உசந்து யாரும் கேட்டதில்லை. ஊர் வைத்த பெயர். இந்தக் கதையிலும் அவர் நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்யாணமான புதுசில் பெரியவள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் அது அவளுக்குச் செய்கிற துரோகம். சாயங்காலம் கடை முடிந்து வரும்போது அவர் சட்டையில் மருந்து வாசனை அடிக்கும். அவர் மாடிப்படியில் பாதி ஏறும்போதே அவளுக்கு அந்த வாசனை தெரிந்துவிடும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்பாள். பிற்பாடும் அந்த வாசனை முன்கூட்டியே தெரியத்தான் தெரிந்தது. கதவைத் திறக்கிற கைதான் வேறு மாதிரி ஆகிப்போனது.

முதல் அடி சிரிப்புக்காக விழுந்தது. அவருடைய சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். பெரியவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிநேகிதரைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார் நல்லவர். அவள் டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து வந்தது ஒரு அறை. காது அடைத்துப்போனது. என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிவதற்குள் அவரே பக்கத்தில் உட்கார்ந்து களிம்பு தடவி, ஊதிவிட்டு, கண்ணீரும் விட்டார்.

"இனிமே இப்படி என்னைப் பண்ண வெச்சுடாதே" என்றார்.

அவளும் "சரிங்க, மன்னிச்சுக்கோங்க" என்றாள். அடித்தவர் அவர், மன்னிப்புக் கேட்டது இவள். அன்றைக்கு ஆரம்பித்தது அது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஜன்னலில் நிற்காதே. போனில் தங்கச்சியிடம் இத்தனை நேரம் என்ன பேச்சு. கூப்பிட்டால் ஒரு தடவையில் வரவேண்டும். அடி விழுந்தால் கூடவே களிம்பும் வரும். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "புருஷன் கையால மருந்து போட்டுக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்டி" என்றாள். காயம் எப்படி என்று கேட்டால், குளியலறை வழுக்கிவிட்டது என்று பெரியவள் சொல்வாள். அந்தக் குளியலறையைப் போல வழுக்குகிற தரை உலகத்திலேயே வேறு எங்கும் இருந்திருக்காது.

மாமியார் கெட்டவள் இல்லை. ஒரு பிடி சாப்பாட்டைக்கூட மருமகளுக்கு எடுத்து வைக்காமல் சாப்பிட்டதில்லை. ஆனால் மகன் குரல் தாழ்ந்து, மூச்சு மாறுகிற அந்த நேரம் வந்ததும், மடியில் கிடக்கிற ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். அடி விழுகிற சத்தத்தின்மேல் சீரியல்காரி அழுகிற சத்தம் ஏறிக்கொள்ளும். எல்லாம் ஓய்ந்தபிறகு சத்தத்தைக் குறைத்துவிட்டு, "சாப்பிட வாங்க" என்பாள். அந்த அம்மாவும் தன் புருஷன் காலத்தில் எதைக் கூட்டி எதை மறைத்தாளோ, யார் கண்டது.

பெரியவளை வேலைக்கு அனுப்பியதும் நல்லவர்தான். ஊரின் பெரிய சலவை நிலையம் அது. ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று எல்லா இடத்து விரிப்பும் அங்கேதான் வெளுக்க வரும். வேன் வந்து வாசலில் ஏற்றிக்கொண்டு போய், வாசலிலேயே இறக்கிவிடும். "வேன்ல போய் வேன்ல வர்ற வேலை. நடுவுல எங்கேயும் நிக்கவேண்டியதில்ல" என்று அவரே பாராட்டிச் சொன்னார்.

அங்கே அவளுக்கு வேறு பெயர். கடைசியாகச் சேர்ந்தவளை "புதுசு" என்று கூப்பிடுவது அந்த இடத்து வழக்கம். இவளுக்குப் பிறகு ரொம்ப நாள் யாரையுமே எடுக்கவில்லையா, இவள் பழசாகியும் புதுசாகவே இருந்தாள். பெரிய உருளையில் சூடேற்றித் துணி இழுக்கிற இடத்தில் நிற்கிறவள் இஸ்திரி அக்கா. ஆள் குண்டு, வாய் அதைவிடப் பெரிசு. ஆவியில் வெந்துகொண்டே எல்லாரையும் வறுத்தெடுப்பாள்.

புதுசுக்குக் கொடுத்த வேலை மடிப்பு. கட்டில் விரிப்பை ஒருத்தரால் மடிக்க முடியாது. ரெண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடிக்கவேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரே உதறு, சுருக்கமெல்லாம் ஓடிப்போகும். அப்புறம் முனையோடு முனை சேர்த்து, ஒருத்தரை நோக்கி ஒருத்தர் நடந்து வந்து, கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு, குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போகவேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஆட்டம் மாதிரி இருக்கும்.

அவளுக்கு ஜோடியாக நின்றவர் நெட்டை. பெயருக்கு ஏற்ற ஆள். சட்டை தொங்கவிட்ட கம்பு மாதிரி இருப்பார். கல்யாணம் ஆகவில்லை. மூன்று தங்கைகளைக் கரையேற்றி முடிப்பதற்குள் தலையில் நரை விழுந்துவிட்டது. கடைசித் தங்கையின் நாத்தனார் ஒருத்தியை அவருக்குப் பேசி, அது ஏதோ காரணத்தால் நின்றுபோய், அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. இவள் குள்ளம். அவர் உதறினால் விரிப்பு ஒரு பக்கம் மேலே போகும், இவள் பக்கம் தரையைக் கூட்டும். "ஒட்டகமும் ஆடும் சேந்து பந்தல் போடுற மாதிரி இருக்கு" என்றாள் இஸ்திரி அக்கா.

அவள் வேலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே நெட்டை ஒன்றைக் கவனித்தார். விரிப்பை உதறுவதற்காக அவர் கையைத் தூக்கும் போதெல்லாம் புதுசு முகத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொள்கிறாள். ஒரு நொடிதான். உடனே சரியாகி, சிரித்துச் சமாளித்துவிடுவாள். ஆனால் முனை கையிலிருந்து நழுவிவிடும், மறுபடி முதலிலிருந்து மடிக்கவேண்டும்.

நெட்டை ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் விரிப்பின் முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையைத் தூக்குவதற்கு முன்னால், "தூக்குறேன்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் மெதுவாகத் தூக்கினார். உதறினார்கள். முனை நழுவவில்லை.

அடுத்த விரிப்புக்கும் "தூக்குறேன்." அதற்கடுத்ததற்கும். நாள் முழுக்க, வாரம் முழுக்க, ஒவ்வொரு விரிப்புக்கும் அவர் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சும்மா விடுவார்களா?

"ஏம்ப்பா நெட்டை, தூக்குறேன் தூக்குறேன்னு மந்திரமா சொல்றே? ஷீட்டைத் தூக்கறதுக்குமா முன்னறிவிப்பு?" என்று கேட்டாள் இஸ்திரி அக்கா.

"என் கை நீளம்க்கா. சொல்லாம தூக்கினா ஃபேன்ல மாட்டிக்கும்" என்றார் அவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

எல்லாரும் சிரித்தார்கள். புதுசும் சிரித்தாள், வாய்விட்டு. சிரித்த பிறகுதான் உறைத்தது: இத்தனை பேர் நடுவில் சத்தமாகச் சிரித்திருக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை. பின்னாலிருந்து எதுவும் வரவில்லை.

வேறு பேச்சு அவர்களுக்குள் அதிகம் கிடையாது. கறை போகாத விரிப்பு, கிழிந்த முனை, மழை வருமா, அவ்வளவுதான். ஆனால் வேனில் திரும்பும்போது அவள் யோசிக்க ஆரம்பித்தாள். ஒரு மனுஷன் கையைத் தூக்குவதற்கு முன்னால் சொல்கிறான். எனக்காகச் சொல்கிறான். அப்படியென்றால் சொல்லிவிட்டுத் தூக்குகிற கையும் உலகத்தில் உண்டு. இத்தனை வருஷமாகத் தூக்கின கையெல்லாம் விழத்தான் செய்யும் என்று நான் ஏன் நினைத்துக்கொண்டிருந்தேன்?

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. முள் மாதிரி உள்ளேயே இருந்தது.

ஒரு லீவு நாள். சாயங்காலம். அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். நல்லவர் உள்ளே வந்து, அவள் தலைக்கு மேலே இருந்த பலகையிலிருந்து டப்பா ஒன்றை எடுப்பதற்காகக் கையைத் தூக்கினார். வெறும் டப்பாவுக்காக. இவள் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவர் கை அந்தரத்திலேயே நின்றது.

"எதுக்கு இப்படி ஒதுங்குறே? நான் அடிக்கவா வந்தேன்?"

"இல்லீங்க..."

"யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க? பொண்டாட்டியைப் போட்டு அடிக்கிறவன்னு நினைக்கமாட்டாங்க?"

குரல் தாழ்ந்துவிட்டது. கூடத்தில் டிவி சத்தம் ஏறியது.

தான் அடிக்கிறவன் இல்லை என்று அவளுக்குப் புரியவைப்பதற்காகவே அன்றைக்கு நல்லவர் அடித்தார். அந்த அடியில்தான் பெரியவளுக்கு எல்லாம் தெளிந்தது. சிரித்தால் அடி, பேசினால் அடி என்று இருந்தபோது, சிரிக்காமல் பேசாமல் இருந்து சமாளித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அடிக்குப் பயந்தாலும் அடி என்றால் இதில் தப்பிக்க வழியே இல்லை. சமாளிக்கிற வேலை அன்றோடு முடிந்தது.

களிம்பை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குடுங்க, நானே போட்டுக்கிறேன்" என்றாள்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். கொடுத்துவிட்டார்.

காலையில் வேன் வருகிற நேரம். சாப்பாட்டுப் பையில் சாப்பாட்டுக்குப் பதிலாக அடையாள அட்டையையும், ஒரு மாற்றுத் துணியையும், அம்மாவின் ஒரே போட்டோவையும் வைத்திருந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிடவேண்டும் என்று மனசில் கட்டிவைத்திருந்தாள். மாமியார் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள், நல்லவர் தலை வாரிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டி, வாசற்படியில் கால் வைத்ததும், நாக்கு தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது:

"அத்தை, போயிட்டு வரேன்."

"ம், பாத்துப் போயிட்டு வா" என்றாள் மாமியார்.

வேனில் உட்கார்ந்தபிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். சரி, வாய்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டாள். சாயங்காலம் வேனில் ஏறவில்லை. சின்னவள் வீட்டுக்குப் போனாள்.

சின்னவளுக்குப் புருஷன் லாரி டிரைவர். வீட்டில் இருக்கும் நாள் குறைவு, இருக்கும் நாளில் வாயில்லாப்பூச்சி. அந்த வீட்டுக்கு ராணி சின்னவள்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"குளியலறை வழுக்கிடுச்சா?" என்றாள்.

"இல்ல. அடிச்சாரு."

முதல் தடவையாக அந்தச் சொல் வெளியே வந்தது. சின்னவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெரியவள் அழவில்லை. "அழுதது போதும். எனக்குப் பசிக்குது" என்றாள்.

நல்லவர் சும்மா இருப்பாரா? முதலில் பழக்கூடையோடு சலவை நிலைய வாசலுக்கு வந்தார். இஸ்திரி அக்கா வழிமறித்து, "இங்கே நோயாளி யாரும் இல்லீங்க. ஆஸ்பத்திரியிலிருந்து ஷீட்டு மட்டும்தான் வருது" என்று திருப்பி அனுப்பினாள். அப்புறம் அவர் டிப்போவுக்குப் போய் மாமாவைப் பிடித்தார்.

அடுத்த லீவு நாள் காலையில் சின்னவள் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மாமா நாற்காலியில். நல்லவர் பவ்யமாகப் பாயில். பெரியவள் ஜன்னலோரமாக நின்றாள்.

"அவ கோவிச்சுக்கிட்டு வரலை மாமா" என்றார் நல்லவர், மெல்லிய குரலில். "சண்டை போட்டுட்டா வந்தா? 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தான் வந்தா. எங்கம்மாகிட்ட வாயைத் திறந்து சொன்னா. திரும்பி வர்ற எண்ணம் இல்லாமலா சொல்லுவா? இங்க வந்தபிறகு யாரோ அவ மனசைக் கலைச்சிருக்காங்க."

"யாரோன்னா நான்தான்" என்றாள் சின்னவள். "பேரைச் சொல்றதுக்கென்ன?"

மாமா பெரியவளைப் பார்த்தார். "சொன்னியாம்மா?"

"சொன்னேன் மாமா."

"வரேன்னு?"

"ஆமா. பழக்கத்துல வந்துடுச்சு."

"பழக்கமோ என்னமோ, சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதானே. ஒரு வீட்டுல வரேன்னு சொல்லிட்டு இறங்கிட்டு, போகாம இருந்தா அது நல்லாவா இருக்கு?"

"நல்லா இருக்கே மாமா!" என்று பாய்ந்தாள் சின்னவள். "கக்கூசுக்குப் போறவனும்தான் வரேன்னு சொல்லிட்டுப் போறான். அதெல்லாம் வாக்கா? இவரு கைநீட்டுறாரு மாமா, அதைக் கேக்கமாட்டீங்களா?"

"அப்பிடியா மாப்பிள்ளை?"

நல்லவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஏதோ ஒரு தடவை, ஒரு கோவத்துல... நானே மருந்தும் போட்டேன் மாமா. அவளையே கேளுங்க, போட்டேனா இல்லையா?"

மாமாவின் முகம் இளகியது. மருந்து போடுகிற மாப்பிள்ளை. ஊர் முழுக்க நல்லவர் என்கிற மாப்பிள்ளை. தானே தேடிப் பிடித்த மாப்பிள்ளை. இனி என்ன சொல்லப்போகிறார் என்று பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. போய்விட்டு வா என்று ஒரு வார்த்தை அவர் சொல்லிவிட்டால் ஊரே அவர் பின்னால் நிற்கும். அந்தக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். இந்தத் தடவை வேனும் இருக்காது, வேலையும் இருக்காது.

அவர் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள்.

"சரி மாமா. வரேன்னு சொன்னேன். வரேன்."

சின்னவள், "அக்கா!" என்று கத்தினாள்.

"அடுத்த லீவுக்கு வரேன். ஆனா தனியா வரமாட்டேன். நீங்க என்கூட வரணும் மாமா. நீங்க கூட்டிக்கிட்டுப் போன வீடுதானே?"

நல்லவர் முகம் மலர்ந்தது. மாமாவுக்கும் நிம்மதி. சின்னவள் மட்டும் அக்காவை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவேயில்லை.

போவதற்கு முந்தின நாள் மடிக்கிற இடத்தில் பெரியவள் நெட்டையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விரிப்பின் ஒரு முனையில் இவள், மறுமுனையில் அவர். கேட்டு முடித்துவிட்டு, "நான் வரட்டுமா?" என்றார்.

"வரக்கூடாது" என்றாள். "நீங்க வந்தீங்கன்னா பேச்சு உங்களைப் பத்தினதா ஆயிடும். நான் பட்டது மறைஞ்சுபோயிடும். இது என் வேலை. நானே முடிக்கணும்."

"சரி" என்றார். அப்புறம், "தூக்குறேன்" என்றார். உதறினார்கள்.

மறுநாள் காலை. மாமா முன்னால் போனார், பெரியவள் பின்னால், பேசாவிட்டாலும் சின்னவளும் கூடவே வந்தாள். மாடிப்படி ஏறும்போதே மருந்து வாசனை வந்தது. கதவு திறந்திருந்தது. மாமியார் டிவி முன்னால். நல்லவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். பெரியவள் வாசற்படிக்கு உள்பக்கமாக ஒரு அடி வைத்து, அங்கேயே நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை.

"வாம்மா, செருப்பை விட்டுட்டு உள்ள வா" என்றாள் மாமியார்.

"இருக்கட்டும் அத்தை. வரேன்னு சொல்லிட்டுப் போனேன். அதுக்காக வந்தேன்."

"அதான் வந்துட்டியே. போய் முகம் கழுவிக்கிட்டு வா" என்றார் நல்லவர்.

"அன்னிக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்றாள் பெரியவள். "இப்போ சரியாச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்திருக்கேன். எல்லாரும் கேட்டுக்கோங்க. அத்தை, நான் போறேன்."

அந்தச் சொல் அந்த வீட்டுக்குள் விழுந்ததும் மாமாவே பதறிப்போனார். "என்ன பேச்சும்மா இது? வாசல்ல நின்னுக்கிட்டு..."

"போறேன்" என்றாள் மறுபடியும். "வரமாட்டேன். போறேன்."

நல்லவருக்கு மூச்சு மாறியது. "யார் முன்னால என்ன பேசுறே?" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. ரெண்டே எட்டில் கிட்டே வந்துவிட்டார். கை தலைக்கு மேலே போய்விட்டது. மாமா உட்கார்ந்திருப்பது, சின்னவள் நிற்பது, கதவு திறந்து கிடப்பது, எதுவும் அந்தக் கைக்குத் தெரியவில்லை. பழகின கை.

அதே நேரத்தில் கூடத்தில் டிவி அலறியது. மாமியார் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் யோசிக்க நேரம் இல்லை. மகன் குரல் தாழ்ந்தால் சத்தத்தைக் கூட்டவேண்டும், கூட்டிவிட்டாள்.

பெரியவளின் தோள் தன்னால் குறுகியது. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை, மூடவுமில்லை. அந்தக் கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"தூக்குறேன்னு சொல்லிட்டுத் தூக்கணும்" என்றாள்.

நல்லவருக்கு ஒன்றும் புரியவில்லை. கை மேலேயே நின்றது, இறக்கவும் தெரியாமல், விழவும் முடியாமல். மாமா அந்தக் கையைப் பார்த்தார். அலறுகிற டிவியைப் பார்த்தார். ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கிழவியைப் பார்த்தார். டிப்போவில் எத்தனையோ டிரைவர்களைப் பார்த்த மனுஷன். எது முதல் தடவை, எது தினசரி ஓட்டம் என்று அவருக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை.

எழுந்து போய், சம்பந்தியம்மாள் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி டிவியை அணைத்தார்.

"எத்தனை காலமா இதைக் கூட்டிக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

கிழவியின் உதடு மட்டும் அசைந்தது.

மாமா வாசலுக்கு வந்தார். செருப்பை மாட்டிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பழக்கத்தில், "அப்போ..." என்று ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டார்.

"நாங்க போறோம் மாப்பிள்ளை" என்றார்.

தெருவில் இறங்கியதும் சின்னவள் அக்காவின் கையைக் கிள்ளினாள். "முன்கூட்டியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? ஒரு வாரமா உயிர் போச்சுடி எனக்கு" என்றாள்.

"சொன்னா நீ மாமாகிட்ட உளறிடுவே."

"உளறியிருப்பேன்தான்" என்று ஒத்துக்கொண்டாள்.

மாமா முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போய் நின்று, இவர்கள் வரும்வரை காத்திருந்தார். "நான் பாத்த மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். பெரியவள் அவர் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு கூட நடந்தாள். போலீசில் சொன்னபோதும், அப்புறம் கோர்ட்டில் நின்றபோதும், கண்ணால் பார்த்த சாட்சி அவர்தான். சொன்னால் சொன்னதுதான் என்ற மனுஷன். வக்கீல் எத்தனை தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாலும் ஒரு சொல் மாறவில்லை. வழக்கு இழுத்தது. தெருவில் பாதிப்பேர் கடைசிவரைக்கும் நல்லவரை நல்லவர் என்றேதான் சொன்னார்கள். பெரியவள் அதற்காகத் தூக்கம் கெடவில்லை. கடைசியில் அந்தக் கல்யாணத்திலிருந்து அவளுக்கு விடுதலை கிடைத்தது.

வெளியே வந்தாலும் அந்தச் சொல்லோடு அவளுக்கு ஒரு பிணக்கு. "போயிட்டு வரேன்" என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது எல்லாரும் "வரேன்க்கா, வரேன்ப்பா" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். இவள் தலையை மட்டும் ஆட்டுவாள். "புதுசுக்கு வாய் வலிக்குது போல" என்பாள் இஸ்திரி அக்கா. நெட்டை மட்டும் அதைக் கிண்டல் செய்ததில்லை. அவள் தலையாட்டினால் இவரும் தலையாட்டுவார்.

"தூக்குறேன்" மட்டும் நிற்கவில்லை. அவள் தோள் குறுகுவது நின்று எவ்வளவோ நாளாகியும் அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். ஒருநாள் அவளே, "இனிமே சொல்லவேணாம். பயமில்ல" என்றாள்.

"தெரியும். ஆனா சொல்லிச் சொல்லி ருசியாயிடுச்சு" என்றார்.

அவள் சிரித்ததில் முனையை விட்டுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து மடித்தார்கள். முனையோடு முனை சேர்த்து, நடந்து வந்து, கையிலிருப்பதை அவர் கையில் கொடுக்கும்போது அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"தங்கச்சிங்க எல்லாம் போயிட்டாங்க. வீட்டுல நான் மட்டும்தான். துணியெல்லாம் ஒத்தையாத்தான் மடிக்கிறேன், கோணல் மாணலா." நிறுத்தினார். காதுமடல் சிவந்துபோய்விட்டது. "நீங்க யோசிச்சுச் சொன்னா போதும். அவசரமில்ல. மாட்டேன்னு சொன்னாலும் நாளைக்கு இதே இடத்துல இதே மாதிரி நிப்பேன்."

பெரியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்கும்போதுகூடச் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார் இந்த மனுஷன். மாட்டேன் என்று சொல்லலாம், ஒன்றும் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அவளுக்கு அதுவரை யாரும் அப்படி ஒரு கதவைத் திறந்து காட்டியதில்லை, உள்ளே வரவும் வெளியே போகவும்.

"யோசிக்கிறேன்" என்றாள். விரிப்பை அவர் கையில் வைத்தாள்.

நாட்கள் போயின. அவர் திரும்பக் கேட்கவில்லை. சொன்னபடியே அதே இடத்தில் நின்றார். அவள் யோசித்தாள், சாக்குப்போக்கு இல்லாமல், நிதானமாக. தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கிப் பார்த்தாள். தன் சாவியால் தானே திறந்து, தானே பூட்டிப் பார்த்தாள். தனியாக இருக்க முடியும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பதில் சொல்லவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

ஒரு சாயங்காலம் கடைசி வண்டித் துணியில் ஒரே ஒரு விரிப்புதான் மடிக்க மிச்சமிருந்தது. வேன் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் "வரேன் வரேன்" என்று சொல்லி ஓடிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள். ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல், நெட்டையின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"போயிட்டு வரேன்."

சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாள்.

இஸ்திரி அக்கா உருளையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். விரிப்பின் ரெண்டு முனையைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷன் அப்படியே நின்றுகொண்டிருந்தார். மறுபக்கம் தரையில் கிடந்தது.

"என்னப்பா, மரம் மாதிரி நிக்கிறே?"

"வரேன்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றார் நெட்டை.

"எல்லாரும்தான் சொல்றாங்க. அதுக்கென்ன இப்போ?"

"எல்லாரும் சொல்லுவாங்கக்கா" என்றார் அவர். "இவங்க சொல்லமாட்டாங்க."